காடு, தீவு, தாயகம்!

தமிழ்ப் பாடவேளை. கரும்பலகையிலே ‘நாடு கடத்தல்’ என்று எழுதிவிட்டு, பொருள் என்னவென்று மாணவரைக் கேட்டேன். பீளமேட்டுப் பஞ்சாலைகளிலும் பட்டறைகளிலும் உடல் தேய உழைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் பெற்றோரின் மக்கள் அவர்கள். ஒருவன் எழுந்தான். “இராமன் காட்டுக்குப் போனானே, அதுதான் ஐயா!” என்றான். “அந்தமானுக்கு அனுப்புவது!” என்றான் இன்னொருவன். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி தயங்கித் தயங்கி எழுந்தாள்.

“எங்கள் பாட்டி இலங்கையிலே, தேயிலைத் தோட்டத்திலே பிறந்தவர். அவரைக் கப்பலிலே ஏற்றி இங்கே அனுப்பிவிட்டார்களாம். பழைய தாளிலே ‘தாயகம் திரும்பியோர்’ என்று எழுதியிருக்கிறது. அது நாடு கடத்தலா, ஐயா, இல்லையா?”

மணி அடித்தது. நாளை சொல்கிறேன் என்றேன். உடனே சொல்லக்கூடிய விடை என்னிடம் இல்லை என்பதே உண்மை. அன்றிரவு ஏடுகளைப் புரட்டினேன். விடை அகராதியிலே இல்லை, வரலாற்றிலே இருந்தது. ஒரே கொடுமைக்கு ஆளுக்கொரு பெயர் சூட்டி, ஏழையின் துயருக்கு மட்டும் இனிப்பான பெயர் வைத்து மறைத்துவிட்ட வரலாறு அது! அதைத்தான் தோழர்களுக்கு இங்கே எடுத்துரைக்க விழைகிறேன்.

முதலில் இலக்கணம். ‘நாடு கடந்தான்’ என்றால் தன்வினை, செல்பவனே செய்பவன். ‘நாடு கடத்தினர்’ என்றால் பிறவினை. செய்தவன் வேறு, பட்டவன் வேறு. ‘கடத்தல்’ என்ற சொல்லைக் கேட்டவுடனே, “கடத்தியவர் யார்?” என்ற வினா தானே எழும். எழவேண்டும்! ஆட்சியாளருக்கு அந்த வினா எப்போதும் கசப்பானது. ஆகவே, பிறவினையைத் தன்வினையாக்கும் விந்தையை அவர்கள் கற்றுக்கொண்டார்கள். துரத்தியதைத் ‘திரும்பினர்’ என்று எழுதினார்கள். தள்ளியதை ‘ஒதுங்கி வாழ்கின்றனர்’ என்று எழுதினார்கள். வாக்கியம் இருக்கும், வினை இருக்கும், பட்டவர் கண்முன்னே நிற்பார், செய்தவர் பெயர் மட்டும் இராது. பள்ளியிலே தோன்றா எழுவாய் என்று படித்தோமே, அந்த எழுவாயைத் தேடிப் பிடிப்பதுதான் வரலாறு கற்பவன் கடமை.

காட்டிலிருந்து தொடங்குவோம். நாடு கடத்தல் என்றதும் இராமனின் பதினான்கு ஆண்டும், பாண்டவரின் பதின்மூன்று ஆண்டும் நம் பிள்ளைகளின் நினைவுக்கு வருகின்றன. வடபுலக் காப்பியங்களைக் கதாகாலட்சேபமாகக் கேட்டுக்கேட்டு வந்த வினை! நம் கொங்கு மண்ணை ஒட்டியே ஒரு காடேகிய வேந்தன் இருந்தான் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? முதிரமலைக்குத் தலைவன் குமணன். அவன் ஆண்ட மலையைப் பழனி, உடுமலைப் பக்கமென்று அறிஞர் குறிப்பர். தம்பி இளங்குமணன் நாட்டைப் பறித்துக்கொள்ள, அண்ணன் காட்டிலே வாழ்ந்தான். வறுமையால் வாடிய பெருந்தலைச் சாத்தனார் என்னும் புலவர் அந்தக் காட்டுக்கே சென்று பரிசில் வேண்டினார். கொடுப்பதற்கு ஏதுமில்லாத குமணன், தன் தலையைக் கொண்டுபோய்ப் பொருள் பெறுக என்று வாளை எடுத்து நீட்டினான். புறநானூற்றிலே பதிவான செய்தி இது.

எவ்வளவு உயர்ந்த உள்ளம்! மறுப்பவர் இலர். ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். நாடிழந்த வேந்தனுக்குத் துரத்தியவன் யார் என்று தெரிந்திருந்தது. பாட ஒரு புலவர் இருந்தார். இராமனுக்கோ பதினான்கு ஆண்டென்று கெடுவும் இருந்தது. துரத்தியவன் பெயர், திரும்பும் நாள், பாட ஒரு நா — இம்மூன்றும் முடிசூடியவர்க்குக் கிடைத்தன. முடியில்லாத மக்களுக்கு?

மனுவின் நூலைத் திறந்து பாருங்கள். எட்டாம் அத்தியாயம் சொல்கிறது: பிராமணன் எக்குற்றம் புரிந்தாலும் அவனைக் கொல்லலாகாது, பொருளைப் பறிக்காமல், உடலுக்கு ஊறு செய்யாமல் நாட்டைவிட்டு அனுப்பினால் போதும். அங்கே நாடு கடத்தல் என்பது சலுகை! மற்றவனுக்குக் கழுத்துப் போகும் குற்றத்துக்கு இவனுக்குப் பயணம்! அதே நூலின் பத்தாம் அத்தியாயத்துக்கு வாருங்கள். சண்டாளன் என்று முத்திரை குத்தப்பட்டவன் ஊருக்கு வெளியே வாழவேண்டும் என்கிறது. அவன் செய்த குற்றம் என்ன? பிறந்தது! விசாரணை உண்டா? இல்லை. கெடு உண்டா? இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தொடரும் தண்டனை. குற்றவாளிக்குச் சலுகை, குழந்தைக்குத் தண்டனை. இதற்குப் பெயர் தர்மமாம்!

பழைய கிரேக்கத்து ஏதென்சிலும் நாடு கடத்தும் வழக்கம் இருந்தது. குடிமக்கள் பானை ஓட்டிலே ஒருவன் பெயரைக் கீறி இடுவார்கள். ஆறாயிரம் ஓடுகள் விழவேண்டும். விழுந்தால் பத்தாண்டு வெளியே இருக்கவேண்டும்; ஆனால் சொத்துப் பறிபோகாது, பத்தாண்டு கழிந்தால் திரும்பலாம். பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அந்த ஓட்டைத் தொடும் உரிமை இல்லை என்பதையும் மறப்பதற்கில்லை. உரோமானியர் வேறொரு முறை வைத்திருந்தனர். ‘நீரும் நெருப்பும் மறுத்தல்’ என்பது அதன் பெயர். எவரும் அவனுக்குத் தண்ணீர் தரலாகாது, அடுப்பெரிக்க நெருப்புத் தரலாகாது. தாமாகவே ஊரைவிட்டு ஓடவேண்டியதுதான்.

உரோமாபுரிச் செய்தியைப் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. நம் சிற்றூர்தான் நினைவுக்கு வந்தது. ‘ஊர்விலக்கு’ என்று சொல்கிறார்களே, அது என்ன? கிணற்றிலே நீர் எடுக்கலாகாது. கடையிலே பொருள் தரலாகாது. துணி வெளுப்பவர் வரலாகாது, முடி திருத்துபவர் வரலாகாது. வீட்டிலே சாவு விழுந்தால் தோள்கொடுக்க ஆள் வரலாகாது. உரோமானியன் சட்டம் செய்து செய்ததைச் சாதிக் கட்டுப்பாடு சட்டமில்லாமலே செய்தது! அங்கே தீர்ப்புக்கு ஆளானவன் எல்லை தாண்டிப் போய் வேறிடத்தில் வாழலாம். இங்கே எல்லைக்குள்ளேயே இருந்து, நாள்தோறும் ஊரைப் பார்த்துக்கொண்டே ஊரில்லாதவனாக வாழவேண்டும்.

1924இல் வைக்கத்திலே போராடி ஈரோட்டுப் பெரியார் இருமுறை சிறை புகுந்தாரே, எதற்காக? கோயிலுக்குள் நுழைய அன்று. கோயிலைச் சுற்றியிருந்த தெருவிலே ஈழவரும் புலையரும் நடக்கும் உரிமைக்காக! சொந்த ஊரின் தெருவிலே கால்வைக்க முடியாதவனை வேறு எந்தச் சொல்லால் அழைப்பது? அவன் வீட்டுக்குள் இருந்துகொண்டே நாடு கடத்தப்பட்டவன்.

சட்டம் தலையிடவில்லையா என்று கேட்பீர்கள். தலையிட்டது, தடுக்கியும் விழுந்தது. பம்பாய் மாநிலம் 1949இல் சமூக விலக்கத்தைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. 1962இல் உச்சநீதிமன்றம், அது மத உரிமையில் குறுக்கிடுகிறது என்று கூறிச் செல்லாதாக்கியது. விலக்கி வைக்கும் மதத்தலைவரின் உரிமை காக்கப்பட்டது. விலக்கப்பட்டவன் வாழும் உரிமை தெருவிலே நின்றது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலே சமூகப் புறக்கணிப்பு ஒரு குற்றமாகத் தெளிவாகச் சேர்க்கப்பட்டது 2015இன் திருத்தத்திலேதான். எத்தனை நூற்றாண்டுத் தாமதம்!

காடு போயிற்று, அடுத்தது தீவு. வெள்ளையன் வந்தான். காட்டுக்கு அனுப்புவது அவனுக்குப் போதவில்லை. கடலுக்கு அப்பால் அனுப்பினான். அதற்கு நீதிமன்றத் தமிழிலே ‘தீவாந்தரம்’ என்று பெயர். வேறு தீவு என்று பொருள்படும் வடசொல்லின் திரிபு. நம் பாட்டன்மார் காலத்திலே அந்தச் சொல்லைக் கேட்டாலே குடும்பம் குலைநடுங்கும்.

கோயமுத்தூர்க் கோட்டையைக் கைப்பற்றப் பாளையக்காரர் படை 1800 ஜூன் 3ஆம் நாள் பாய்ந்தது, முயற்சி முறிந்தது, பலர் தூக்கிலே தொங்கினர். கிளர்ச்சி தெற்கே பரவியது. 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரிலே தூக்கிலிட்டனர். நம் தீரன் சின்னமலையை 1805இல் சங்ககிரியிலே தூக்கிலிட்டனர். தூக்குமேடை ஏறியவரை நாம் மறக்கவில்லை. ஓடாநிலையிலே சின்னமலைக்கு மணிமண்டபம் இருக்கிறது, மகிழ்கிறோம். ஆனால் 1802 பிப்ரவரியில் தூத்துக்குடித் துறையிலிருந்து ‘அட்மிரல் நெல்சன்’ என்ற கப்பல் புறப்பட்டதே, அதிலே ஏற்றப்பட்ட எழுபதுக்கும் மேற்பட்டவர்களின் பெயர்களை நம்மில் எத்தனை பேர் சொல்ல முடியும்? பினாங்குத் தீவுக்கு அவர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். சிவகங்கை மன்னர் வேங்கன் பெரிய உடையணத் தேவர் அவர்களிலே ஒருவர். சின்ன மருதுவின் மகன் துரைசாமி மற்றொருவர், வயது பதினைந்து!

பதினைந்து வயதுச் சிறுவனுக்கு ஆயுள் முழுதும் தீவு. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1818இல், ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலப் படை அதிகாரி பினாங்கிலே அவரைக் கண்டார். வெல்ஷ் வேறு யாருமல்லர்; ஒருகாலத்தில் சின்ன மருதுவிடமே ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றவர், பின்னர் அந்தப் படையெடுப்பிலும் பங்குகொண்டவர். எதிரே நின்ற தளர்ந்துபோன மனிதரை அவரால் அடையாளம் காண இயலவில்லை. பெயர் சொன்ன பிறகே தெரிந்தது: துரைசாமி! கணக்குப் போட்டுப் பாருங்கள். முப்பத்திரண்டு வயதைக்கூடத் தாண்டியிருக்கமாட்டார். கயிறு ஒருநொடியில் செய்வதைத் தீவு ஒவ்வொரு நாளாகச் செய்தது. வெல்ஷ் 1830இல் வெளியிட்ட தம் நினைவேட்டில் இதைக் குறித்துவைத்தார். எதிரி எழுதிவைத்ததால் நமக்குத் தெரிகிறது, நம்மவர் எழுதிவைக்கவில்லை.

பினாங்கு, பின்னர் சிங்கப்பூர், 1858 முதல் அந்தமான் என்று தீவுகள் நீண்டன. அங்கே சாலை போட்டதும் கட்டடம் எழுப்பியதும் இந்தியக் கைதிகளின் கைகள். 1908 ஜூலை 7ஆம் நாள் திருநெல்வேலியிலே நீதிபதி பின்ஹே, வ. உ. சிதம்பரனாருக்கு இரட்டைத் தீவாந்தரம் விதித்தார். கப்பலோட்டியவனுக்குக் கைதிக் கப்பலிலே இடம் ஒதுக்கிய ஆணவம் அது! மேல்முறையீட்டிலே தண்டனை ஆறாண்டாகக் குறைந்தது. தீவுக்கு அவர் அனுப்பப்படவில்லை. நம் கோயமுத்தூர் மத்தியச் சிறையிலே செக்கிழுத்தார்.

1912 டிசம்பரில் விடுதலையானார். வெளியே வந்தவரை வரவேற்கக் கூட்டம் இல்லை. நடத்திய கப்பல் கம்பெனி இல்லை. வழக்குரைஞர் தொழிலுக்கான உரிமமும் இல்லை. வாலஸ் என்ற வெள்ளை நீதிபதியின் உதவியால் பல ஆண்டு கழித்தே அது மீண்டது. இடைக்காலத்தில் சிறுகடை வைத்துப் பிழைத்தார். தீவுக்கு அனுப்பாமலே ஒரு தலைவனைத் தீவாக்கிவிட்டது நாடு! அந்தப் பிறவினைக்கு எழுவாய் வெள்ளையன் மட்டுமா? மாலை போடும் கையை மடக்கிக்கொண்ட நம்மவரும் அல்லவா?

தீவாந்தரம் என்ற தண்டனை சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது 1956 ஜனவரி முதல் நாள். அதனிடத்திலே ஆயுள் சிறை வந்தது. சொல் ஒழிந்தது. செயல்? எட்டே ஆண்டுகளிலே, குற்றமே செய்யாத இலட்சக்கணக்கான மக்கள்மீது அது மீண்டும் பாய்ந்தது — இம்முறை ‘தாயகம்’ என்ற தேன் தடவிய சொல்லோடு!

இனி அந்த மாணவியின் பாட்டி கதைக்கு வருவோம். திருச்சி, சேலம், மதுரை, தஞ்சை, புதுக்கோட்டைச் சீமைகளின் பஞ்சம் பிழைக்கப் போன ஏழைகள் இலங்கை மலைகளை வெட்டித் திருத்தினர். முதலில் காப்பி, 1867 முதல் தேயிலை. மன்னார்க் கரையில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழி நடந்தனர். வழியிலேயே மடிந்தோர் பலர். கங்காணியின் கடன் ‘துண்டு’ என்ற சீட்டாகக் கழுத்திலே தொங்கியது. ஒரு தோட்டம்விட்டு மறு தோட்டம் போக அந்தச் சீட்டே விலங்கு. இலயத்து அறையிலே பிறந்து, இலயத்து அறையிலே இறந்து, நாலைந்து தலைமுறை ஓடிவிட்டது. 1947 தேர்தலில் தம்மவர் எழுவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பும் அளவுக்கு அவர்கள் அந்நாட்டு மக்களாயினர்.

பொறுக்குமா? 1948இல் குடியுரிமைச் சட்டம் எண் 18 வந்தது. தந்தையோ, அல்லது பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று காட்டு என்றது. பிறப்பைப் பதிந்துவைக்க இலயத்திலே யார் இருந்தார்? கொழுந்து எத்தனை இராத்தல் என்று அன்றாடம் எழுதிய தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, குழந்தை பிறந்ததை எழுதவில்லை. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. இருந்த இடத்தைவிட்டு ஓர் அடி நகராமலே அவர்கள் நாடற்றவர் ஆயினர்.

1964 அக்டோபர் 30. புதுதில்லியிலே லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்தனர். மொத்தம் 9,75,000 பேர் என்று கணக்கு. இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றனர். 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் அந்த மிச்சத்தையும் பாதி பாதியாக, 75,000 வீதம் பிரித்துக்கொண்டனர். பாகப்பிரிவினையிலே அண்டா குண்டாவைப் பிரிப்பதுபோல் மனிதரைப் பிரித்தனர்! பிரிக்கப்பட்ட மக்களின் ஒப்புதல் கேட்கப்படவில்லை.

“அவர்களே அல்லவா இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டார்கள்?” என்று கேட்பார் உண்டு. நியாயமான கேள்விதான், விடை சொல்லிவிடுவோம். ஆம், போட்டார்கள். இங்கே உறவுண்டு, நிலமுண்டு என்று மகிழ்ந்து வந்தோரும் இருந்தனர். ஆனால் வாக்கில்லை, குடியுரிமை இல்லை. 1973-74இல் தோட்டங்களிலே பட்டினிச் சாவு. 1977, 1981, 1983 எனக் கலவரம். வீட்டுக்கு மூன்று பக்கமும் தீ வைத்துவிட்டு, நாலாவது பக்கத்துக் கதவு வழியே ஓடியவனைப் பார்த்து, “அவனே விரும்பி வெளியேறினான்” என்று எழுதுவதா வரலாறு?

தலைமன்னாரிலிருந்து இராமேசுவரத்துக்குக் கப்பல். அப்புறம் மண்டபம் முகாம். அங்கிருந்து திசைக்கொருவராகச் சிதறல். நீலகிரியிலும் நம் வால்பாறையிலும் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் பல ஆயிரவர் வேலை பெற்றனர். 1968இல் அவர்களுக்காகவே தொடங்கிய அத்திட்டம் 1976இல் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று, அதைப் பாராட்டவேண்டும். கொடைக்கானல் மலையிலே கொத்தடிமைகளாகச் சிக்கியோரும் உண்டு, அதை மறைக்கலாகாது. அங்கே அவர்களைக் ‘கள்ளத்தோணி’ என்றனர். இங்கே ‘சிலோன்காரர்’ என்றனர். பிறந்த நாடு இந்தியர் என்று துரத்தியது. வந்த நாடு இலங்கையர் என்று ஒதுக்கியது. இரண்டு தாயகம் என்றது ஏடு; ஒன்றுகூட இல்லை என்றது வாழ்வு!

1984இல் கப்பல் நின்றது. இந்தியக் குடியுரிமை பெற்றும் வராமல் அங்கேயே தங்கிவிட்டோருக்கும் 2003இல் இலங்கை ஒரு சட்டம் செய்து தன் குடியுரிமையை வழங்கியது. அப்படியானால், அதற்கு முன்னர் கப்பலேறி வந்தவர்கள் எதற்காக வந்தார்கள்? 2003இல் கொடுக்க முடிந்த நீதியை 1964இல் கொடுத்திருந்தால், மாணவியின் பாட்டி தம் தாயைப் புதைத்த மண்ணைவிட்டு வந்திருக்கவேண்டியதில்லை.

பெயரிடுவதன் பொறுப்பு இன்றும் முடிந்துவிடவில்லை. 1983க்குப் பின் போருக்கு அஞ்சி ஓடிவந்த ஈழத் தமிழர் தங்கிய இடங்களுக்கு ‘அகதிகள் முகாம்’ என்று பெயர். 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு அதை ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று மாற்றியது. கதியற்றவர் என்ற சொல்லைக் கழற்றி எறிந்தது நல்ல செயலே. ஆனால், 2019இன் குடியுரிமைத் திருத்தச் சட்டம் அண்டை நாடுகள் மூன்றைப் பட்டியலிட்டபோது இலங்கையைச் சேர்க்கவில்லை. பலகையிலே பெயர் மாறியது. பலகைக்குப் பின்னால் பிறந்து வளர்ந்த பிள்ளைகளில் எத்தனையோ பேருக்கு நாடு இன்னும் வரவில்லை. நல்ல சொல் வேண்டும். அதோடு நின்றுவிட்டால், நல்ல சொல்லும் திரையாகிவிடும்.

மறுநாள் வகுப்பிலே சொன்னேன். “ஒருவர் ஊரைவிட்டோ நாட்டைவிட்டோ போனார் என்று எங்கே படித்தாலும் மூன்று கேள்வி கேளுங்கள். போகச் சொன்னவர் யார்? போகிறவரைக் கேட்டார்களா? திரும்பிவர நாள் குறித்தார்களா? சொன்னவர் பெயர் மறைந்திருந்தால், போகிறவரைக் கேட்காதிருந்தால், திரும்ப நாளும் இல்லாதிருந்தால், தாளிலே என்ன எழுதியிருந்தாலும் அதன் பெயர் நாடு கடத்தல்.” பின்வரிசையைப் பார்த்துச் சொன்னேன்: “ஆம், அம்மா. உன் பாட்டிக்கு நடந்தது அதுதான்.”

அவள் தலையசைத்தாள். பிறகு கேட்டாள்: “அப்படியானால் இதை எழுதிவைக்கலாமா, ஐயா?”

தோழர்களே! துரைசாமியின் கதையை எழுத ஒரு வெள்ளைக்காரப் படை அதிகாரிதான் கிடைத்தார். இந்தப் பாட்டிமார் கதையை எழுத இன்னொரு வெல்ஷ் வரவேண்டுமா? வால்பாறையிலும் கோத்தகிரியிலும் கூடலூரிலும் அவர்கள் இன்னும் வாழ்கிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு அருகி வருகிறார்கள். படிப்பகம் நடத்தும் இளைஞர்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு குறிப்பேட்டோடு மலையேறுங்கள். ஊர், தோட்டம், கப்பலேறிய ஆண்டு, விட்டுவந்தவை ஆகியவற்றைக் கேட்டு அவர்கள் சொன்னபடியே எழுதுங்கள். சேரிக்குப் போங்கள், ஊர்விலக்கு எந்த ஆண்டு, யார் சொல்லி நடந்தது என்பதைப் பெயரோடு எழுதுங்கள்.

அந்த மாணவி ஒரு நாற்பது பக்க ஏட்டிலே முதல் வரியை எழுதிக்கொண்டுவந்து காட்டினாள். ‘எங்கள் பாட்டி தாயகம் திரும்பினார்’ என்று தொடங்கியிருந்தாள். அதை அவளே அடித்துவிட்டு, ‘எங்கள் பாட்டியை இரண்டு அரசுகள் அனுப்பின’ என்று மாற்றியிருந்தாள். எழுவாய் கிடைத்துவிட்டது!